மைல்கட்டைப் பிள்ளையார்

தண்ணீரூற்றிலிருந்து ஒட்டுசுட்டானுக்குப் போகிற வழியில், ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சற்று முன்னால், சிவப்பு முக்கோணத்துக்குக் கீழே தீப்பந்தம் வரைந்த பலகை ஒன்று நின்றது. இந்த இடத்தில் யானை வரும், பந்தம் கொளுத்திக்கொண்டு போ என்பதுதான் அதற்கு எங்கள் பக்கத்து ட்ரைவர்மார் வைத்திருந்த பொருள். வெள்ளைக்காரன் எவ்வளவு அக்கறையாக எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று சித்தப்பா அதைக் கடக்கும்போதெல்லாம் மெச்சுவார். யானைகளும் உண்மையிலேயே அந்த இடத்தில் றோட்டைக் கடந்துகொண்டிருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அது கல்வியின் விளக்கு, பிள்ளைகள் கடக்கும் இடம், மெதுவாகப் போ என்று சொல்கிறது என்பதை, நான் ஊர் ஊராகத் திரிந்து கொழும்பில் வண்டி திருத்துகிற ஒரு கராச்சில் எடுபிடியாக நின்ற காலத்தில்தான் அறிந்தேன். அப்போது சித்தப்பா உயிரோடு இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

நாற்சந்திகளுக்கு முன்னால் கூட்டல் குறி போட்ட பலகை நிற்கும். நாயாற்றுப் பக்கத்திலிருந்து சைக்கிளில் மீன் கொண்டு வருகிற கத்தோலிக்க ஆட்கள் அதைக் கண்டதும் ஒரு கையை எடுத்துச் சிலுவை போட்டுக்கொள்வார்கள். ஒரு கையால் சைக்கிளைப் பிடிக்க வேண்டியிருப்பதால் வேகம் தானாகக் குறையும். சந்தியில் யாரும் அடிபட்டதில்லை. பிழையாக வாசித்தாலும் பலகை தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது.

பழைய பலகைகளில் எழுத்து இங்கிலீசு. புதிதாக நட்டவற்றில் சிங்களம். எங்கள் ட்ரைவர்மார் இரண்டையும் ஒரே மரியாதையோடு பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கென்று வேறு எழுத்து இருந்தது. அது குழை. றோட்டின் நடுவில் இலையும் கொப்புமாக ஒரு குழை கிடந்தால் முன்னால் ஏதோ முறிந்து கிடக்கிறது, நிறுத்து என்று பொருள். றோட்டோரத்தில் மரத்தடியில், ஒரு கல்லின்மேல் குழை கிடந்தால் அது பிள்ளையாருக்குப் போட்டது. நீயும் இறங்கி ஒரு குழை முறித்துப் போட்டுவிட்டுப் போ, காட்டில் உனக்கு ஒன்றும் வராது. நடந்து போகிறவரும் வண்டிக்காரரும் தேன் எடுக்கப் போகிறவரும் இதைத் தவறவிடுவதில்லை. நடுவில் கிடந்தால் ஆபத்து, ஓரத்தில் கிடந்தால் காவல். இந்தப் பாடத்தை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துக்குக் கீழே காணி பெற்ற ஆட்கள். காணி என்று பெயரே தவிர, நான் பிறந்தபோது அதில் பாதி காடாகத்தான் கிடந்ததாம். அம்மாவின் ஐயா புகையிலைத் தோட்டக்காரர். தன் கிணற்றுத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரை நம்பாதவர். மகள் காய்ச்சல் பிடித்த காட்டுக்குப் போவது அவருக்குப் பிடிக்கவில்லை. "காட்டுக்குப் போறவள் அங்கையே இருக்கட்டும்" என்று சொன்னாராம். அம்மாவும் அவருக்குப் பிறந்தவள்தானே, அங்கேயே இருந்தாள். நல்ல நாள் பெருநாள் எதற்கும் போகவில்லை. அவரும் வரவில்லை. எனக்கு ஆறோ ஏழோ வயதாகியும் நான் அவரைக் கண்டதில்லை, அவரும் என்னைக் கண்டதில்லை.

அந்த வருசத்து மாரியில் வெள்ளம் வந்து வயல்வரம்புகளெல்லாம் அழிந்துபோயிருந்தன. பாதைகள் அடைபட்டுக் கிடந்தன. மழை விட்டு வெயில் தலைகாட்டத் தொடங்கிய ஒரு பின்னேரம், தந்திக்காரன் சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு எங்கள் வளவுக்குள் வந்தான். தந்தி புறப்பட்டு நாளாகியிருந்தது. இங்கிலீசில் இருந்ததை அவனே வாசித்துச் சொன்னான். ஐயாவுக்குக் கடுமை, உடனே வரவும்.

அந்தக் காலத்தில் தந்தியில் கடுமை என்று வந்தால் ஆள் முடிந்துவிட்டார் என்றுதான் பொருள். செத்துப்போனார் என்று நேராக அடித்தால் கேட்கிறவர் அந்த இடத்திலேயே விழுந்துவிடுவார் என்று பயந்து இப்படி அனுப்புவார்கள். இது எல்லோருக்கும் தெரியும். பக்கத்துக் காணியிலிருந்து ஓடிவந்த பெண்கள் தந்தியைக் கேட்ட உடனேயே சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்கள். அம்மா மட்டும் அதை எழுதியிருந்தபடியே வாசித்தாள்.

"மனதைத் திடப்படுத்திக்கொண்டு போ பிள்ளை" என்றாள் ஒருத்தி.

"கடுமையெண்டுதானே அக்கா கிடக்கு. முடிஞ்சுதெண்டு கிடக்கேல்லையே" என்றாள் அம்மா.

அப்பா வேலியோரம் நின்றார். அவருக்கும் மாமனாருக்கும் பேச்சில்லாமல் போய் அவ்வளவு காலம். எஞ்சியிருந்த பயிரைப் பன்றி உழக்கிவிடும், காவலுக்கு ஆள் வேண்டும் என்று ஒரு காரணம் சொன்னார். பிறகு உண்மையையும் சொன்னார். "நான் வந்தா அந்த மனுசன் கட்டிலாலை எழும்பி ஓடிப்போடும்."

"ஓடுறதுக்கெண்டாலும் எழும்பட்டும்" என்று சொல்லிவிட்டு அம்மா எனக்குத் தலை வாரத் தொடங்கினாள். என்னைக் கொண்டுபோவது என்று அவள் அந்த நேரமே முடிவு செய்திருந்தாள். "ஐயா இவனைக் காணேல்லை" என்று யாரும் கேட்காமலே இரண்டு மூன்று தடவை சொன்னாள். முகத்தைக் காட்டிவிட வேண்டும், முகத்தைப் பார்த்துவிட வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

வட்டுவாகலில் கடல்நீரேரியைக் கடக்கிற தாம்போதிக்கு மேலால் இன்னும் வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் பரந்தனுக்கு நேராகப் போகிற வழி இல்லை. மிச்சமிருந்தது மாங்குளத்துக்குப் போகிற காட்டு றோட்டு. காலைக் கோச்சியைப் பிடித்தால் மதியத்துக்கு முன் யாழ்ப்பாணத்தில் இறங்கிவிடலாம். கோச்சி என்றால் எங்கள் பக்கத்தில் ரயில். சித்தப்பா ஒரு முதலாளியின் லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். நெல்லோ மரமோ கிடைத்ததை ஏற்றுகிற, முன்னால் இரும்புக் கம்பியைப் போட்டுச் சுற்றினால்தான் உயிர் வருகிற லொறி. முதலாளியிடம் கேட்காமலே அதை விடியலுக்கு எங்கள் வளவுக்கு வருகிற ஒழுங்கையின் முகப்பில் கொண்டுவந்து நிறுத்தினார். "கோச்சிக்கு முன்னம் நான் நிப்பன் அண்ணி, யோசிக்காதேங்கோ" என்றார். அவர் சொன்னால் செய்கிறவர். அந்தப் பக்கத்தில் சித்தப்பாவைப்போல் காட்டு றோட்டு தெரிந்த ட்ரைவர் இல்லை என்று மற்ற ட்ரைவர்மாரே சொல்வார்கள்.

தண்ணீரூற்றில் ஒரு கருவாட்டுக்காரர் கையைக் காட்டி ஏறினார். நாயாற்றுக் கரையைச் சேர்ந்த வயதான மனிதர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு மாதா படம். வெள்ளத்தில் நனையாமல் காப்பாற்றிய இரண்டு சாக்குக் கருவாட்டை மாங்குளத்தில் விற்கக் கொண்டுபோகிறார். வண்டியில் மரணச் செய்தி போகிறது என்று அவருக்குத் தெரியாது. மேட்டில் ஏற முடியாமல் லொறி இருமியபோது, "என்ன தம்பி, லொறிக்கும் கடுமையோ?" என்று பின்னாலிருந்து கேட்டார். சித்தப்பா திரும்பி முறைத்தார். அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா விசயத்தைச் சொன்னதும் அந்த மனிதர் கழுத்திலிருந்த மாதா படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

காடு நனைந்து கறுத்துக் கிடந்தது. றோட்டில் சில்லுத் தடம் ஒன்றுகூட இல்லை. மழை எல்லாவற்றையும் கழுவித் துடைத்திருந்தது. சித்தப்பா மாரி தொடங்கிய பிறகு இந்த வழியில் வந்ததில்லை. ஒரு வளைவு தாண்டியதும் றோட்டு இரண்டாகப் பிரிந்த இடத்தில் லொறியை நிறுத்தினார். நேரே போவது நாங்கள் போக வேண்டிய றோட்டு. இடது பக்கம் மரங்களுக்குள் ஒரு பாதை புதிதாகத் திறந்து கிடந்தது. காட்டில் மரம் ஏற்றுகிறவர்கள் இப்படி எத்தனையோ பாதை வெட்டுவார்கள், அதில் புதுமை இல்லை. புதுமை அந்த இடத்தில் நட்டிருந்த பலகைதான். சிங்களத்தில் ஏதோ எழுதி, கீழே கறுப்பு மையில் ஒரு அம்புக்குறி. அம்புக்குறி நேரே காட்டியது.

இப்போது எல்லோருக்கும் தெரியும். முன்னால் ஓடைக்கு மேல் றோட்டைத் தாங்கிய மதகு உடைந்துவிட்டது என்றும், இடப்பக்கம் வெட்டிய சுற்றுப் பாதையால் போகவும் என்றும் அந்தப் பலகை சொன்னது. நட்டவர்கள் சரியாகத்தான் நட்டிருந்தார்கள். ஈர மண்ணில் நட்ட புதுக் கட்டையில் இரவில் ஒரு யானை வந்து முதுகைத் தேய்த்துவிட்டுப் போயிருக்கிறது. கட்டை விழவில்லை, திரும்பிவிட்டது. விழுந்திருந்தால் நல்லது.

கருவாட்டுக்காரர் இறங்கிப் போய்க் கட்டையைத் தடவிப் பார்த்தார். ஆள் உயரத்துக்கு மேலே சேறு அப்பியிருந்தது. "இது யானை உரஞ்சின கட்டை தம்பி. இதை நம்பேலாது."

"யானை உரஞ்சினா அம்பு அழியுமோ? வடிவாக் காட்டுதே, நேரை போ எண்டு."

"நேரை போறதுக்கு ஏன் பலகை நட்டவங்கள்? நாங்கள் நேரைதானே போறம்."

சித்தப்பா கொஞ்சம் யோசித்தார். "வெள்ளத்துக்குப் பிறகு ஆக்கள் பயப்பிடுவினம். றோட்டுச் சரி, பயமில்லாமல் போங்கோ எண்டு சொல்லத்தான்."

"அப்பிடி நல்ல மனம் உள்ள கவுண்மேந்து எப்பயடா வந்தது" என்று கருவாட்டுக்காரர் சொன்னார். சித்தப்பாவுக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று அவர் சிரித்ததை நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

அப்போதுதான் அவர் மைல்கட்டையைக் கண்டார். நேரே போகிற றோட்டின் ஓரத்தில், ஒரு பாலை மரத்தடியில், மைல் எண் போட்ட வெள்ளைக்கல் நின்றது. அதன்மேல் குழைகள். வாடியதும் பச்சையுமாக ஒரு குவியல். கல்லின் நெற்றியில் யாரோ திருநீறு பூசியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு தேங்காய்ச் சிரட்டையும் கிடந்தது.

"முந்தி இதிலை பிள்ளையார் இல்லை" என்றார் சித்தப்பா. குரலில் பயம் போய்விட்டிருந்தது. "வெள்ளத்துக்குப் பிறகு ஆரோ வைச்சிருக்கினம். இவ்வளவு பேர் குழை போட்டுட்டுப் போயிருக்கினம், பாருங்கோ. றோட்டுக் கெட்டிருந்தா போவினமோ?"

"நடந்து போறவன் மதவு உடைஞ்சாலும் நீந்திப் போவான். எனக்கு உங்கடை ஆளைப்பற்றித் தெரியாது, குறை நினையாதை. நான் ஒருக்கா முன்னாலை நடந்து பாத்திட்டு வாறனே. நீங்கள் இதிலை நில்லுங்கோ."

சித்தப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா முன் ஆசனத்தில் என்னை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். "தம்பி, நேரம் போகுது" என்றாள்.

அம்பும் பிள்ளையாரும் ஒரே பக்கத்தைக் காட்டிய பிறகு வேறு யாரைக் கேட்பது? சித்தப்பா ஒரு பாலைக் கொப்பை முறித்துக் கல்லின்மேல் வைத்தார். கண்ணை மூடிக் கும்பிட்டார். கருவாட்டுக்காரர் கொஞ்சநேரம் நின்றுவிட்டுத் தானும் ஒரு சின்னக் குழையை முறித்துப் போட்டார். "ஆபத்துக்கு ஆர் எண்டாலும் சரி" என்று சொல்லிக்கொண்டே ஏறினார். எனக்கும் ஒன்று போட ஆசையாக இருந்தது. அம்மா இறங்க விடவில்லை.

றோட்டு நன்றாகத்தான் இருந்தது. சித்தப்பா நேரத்தைப் பிடிப்பதற்காகக் கெதியாக ஓட்டினார். ஒரு இறக்கத்தில் வளைவு வந்தது. வளைவுக்கு அப்பால் றோட்டு இல்லை. மண்ணிறத் தண்ணீர் அகலமாகப் போய்க்கொண்டிருந்தது. அதன் நடுவில் மதகின் ஒரு பக்கச் சுவர் மட்டும் நின்றது. சித்தப்பா பிரேக்கை மிதித்தது எனக்குத் தெரியும், ஏனென்றால் அவர் எழுந்து நின்று மிதித்தார். லொறி சேற்றில் வழுக்கிப் போய், முன் சில்லுகள் விளிம்பைத் தாண்டி, மூக்கைத் தாழ்த்திக்கொண்டு நின்றது. என் நெற்றி அம்மாவின் கையில் மோதியது. சித்தப்பாவின் நெற்றி ஸ்டியரிங்கில் மோதி வெடித்தது.

பிறகு பின்னாலிருந்து, "இறங்குங்கோ, இறங்குங்கோ, பின்பக்கமா இறங்குங்கோ" என்று கருவாட்டுக்காரர் கத்தினார்.

எல்லோரும் இறங்கினோம். சித்தப்பா லொறியைப் பார்க்கவில்லை. மதகைப் பார்க்கவில்லை. நாங்கள் வந்த றோட்டையே திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணுக்குள் இரத்தம் வழிந்தது. துடைக்கவில்லை. "நடுவிலை கிடக்கேல்லை அண்ணி" என்றார். "ஓரத்திலைதானே கிடந்தது. நடுவிலை கிடக்கேல்லை."

அம்மா தன் சேலைத் தலைப்பைக் கிழித்து அவர் நெற்றியில் கட்டினாள். கட்டி முடித்ததும் கருவாட்டுக்காரரிடம், "ஆழமோ?" என்று கேட்டாள்.

"இடுப்பளவு இருக்கும். இழுவைதான் கூட. பிள்ளையை என்னட்டைத் தா."

"நானும் வாறன்" என்றார் சித்தப்பா.

"நீங்கள் லொறியைப் பாருங்கோ தம்பி" என்றாள் அம்மா. அதில் கோபம் இருந்ததா என்று நான் பிறகு பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். இருந்ததாகத் தெரியவில்லை.

கருவாட்டுக்காரர் தன் சாக்குகளை லொறியிலேயே விட்டுவிட்டு என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டார். அவர் தலைமயிரில் உப்பும் கருவாடும் மணத்தன. அம்மா சோற்று மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அவருடைய இடுப்புச் சாரத்தைப் பிடித்தபடி பின்னால் வந்தாள். நடுவில் அவளுக்குக் கால் இடறியது. மூட்டை தண்ணீரில் போய்விட்டது. அதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கரையேறியதும் சேலையைப் பிழிந்தாள், என் கையைப் பிடித்தாள், நடக்கத் தொடங்கினாள்.

அவள் நடப்பது எனக்கு ஓட்டம். காட்டுப் பாதையில் அவளுடைய கையில் தொங்கிக்கொண்டு ஓடினேன். கால் நோகிறது என்று சொன்னேன். பசிக்கிறது என்று சொன்னேன். "இந்தா வந்திட்டுது" என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை. கருவாட்டுக்காரர் இடைக்கிடை என்னைத் தூக்கிக்கொண்டார், ஆனால் அவருக்கும் மூச்சு வாங்கியது. வெயில் ஏறிய ஒரு நேரத்தில் தூரத்தில் கோச்சி கூவுகிற சத்தம் கேட்டது. நான் அதுவரை ரயிலைக் கண்டதில்லை. சத்தத்தைக் கேட்டதும் துள்ளிக் குதித்தேன். அம்மா என் கையை விட்டுவிட்டுத் தனியாக ஓடினாள். கொஞ்சத் தூரம் ஓடிப் போய், காட்டுக்குள் எதுவும் தெரியாத ஒரு இடத்தில் நின்றாள். சத்தம் வடக்குப் பக்கமாகப் போய்த் தேய்ந்து இல்லாமல் போனது. நாங்கள் போய்ச் சேரும்வரை அவள் அங்கேயே நின்றாள்.

மாங்குளத்தில் பஸ் இல்லை. ஒரு தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் காத்திருந்தோம். மதியம் தாண்டித்தான் யாழ்ப்பாணத்துக்கு விறகு கொண்டுபோகிற லொறி ஒன்று வந்தது. கருவாட்டுக்காரர் ட்ரைவரிடம் போய்ப் பேசினார். என்ன சொன்னாரோ தெரியாது, ட்ரைவர் தன் பக்கத்திலிருந்த கிளீனரைப் பின்னால் விறகின்மேல் ஏற்றிவிட்டு எங்களை முன்னால் இருத்தினான். புறப்படும்போது கருவாட்டுக்காரர் கதவருகில் வந்து, "மாதாவே எண்டு போ பிள்ளை, முகத்தைப் பாப்பாய்" என்றார். அம்மா தலையாட்டினாள். அவர் திரும்பி, வந்த வழியாலேயே மதகுக்கு நடந்து போனார். அவருடைய கருவாடு என்னவானது என்று எங்களுக்குத் தெரியாது.

லொறியை இழுத்தெடுக்க நாள் கணக்காகியது. முதலாளி சித்தப்பாவை நிறுத்திவிட்டார். சித்தப்பாவுக்கு அது ஒரு பொருட்டாக இருக்கவில்லை. அவர் அந்த றோட்டில் போகிற வண்டிக்காரர் ஒவ்வொருவரையும் மறித்து, அந்தக் குழையை முதலில் போட்டது யார் என்று கேட்டுத் திரிந்தார். மாதக்கணக்காகக் கேட்டார். கடைசியில் முத்தையன்கட்டுப் பக்கத்து வண்டிக்காரர் ஒருவர், தான்தான் போட்டது என்றார். மதகு உடைந்ததைக் கண்டு, பின்னால் வருகிறவர்கள் விழாமலிருக்க, பெரிய கொப்பாக முறித்து றோட்டின் நட்டநடுவில் போட்டதாகச் சொன்னார். அதை நடுவிலிருந்து எடுத்து ஓரத்தில் மைல்கட்டையில் சாய்த்தது யார் என்பது தெரியவரவில்லை. மாட்டுக்கு வழிவிட ஒதுக்கினார்களோ என்னவோ. அடுத்ததாக நடந்து வந்தவன் கல்லின்மேல் குழையைக் கண்டான், தானும் ஒன்று போட்டான். அதற்கடுத்தவன் திருநீறு பூசினான். யாரும் பிழை செய்யவில்லை. பிழை செய்த ஒருவனைக் கண்டுபிடித்திருந்தால் சித்தப்பா தேறியிருப்பார் என்று நினைக்கிறேன்.

அம்மா அவரை ஒரு சொல் கேட்டதில்லை. எப்போதும்போலச் சோறு போட்டாள், எப்போதும்போலத் தம்பி என்றாள். அவர் எங்கள் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். வந்தாலும் அம்மா சமைக்கிற குசினிப் பக்கம் போகாமல் வாசலிலேயே இருந்துவிட்டுப் போவார். ஒரு நாள் அப்பாவிடம், "அண்ணி என்னை ஒருக்கா ஏசினா என்ன?" என்று கேட்டதை நான் கேட்டேன். நேரம் போகுது என்று தான் சொன்னதை அம்மா மறக்காமலிருந்தாள் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது.

மதகைப் பிறகு கட்டினார்கள். சுற்றுப் பாதையைக் காடு மூடியது. மைல்கட்டையை மட்டும் யாரும் தொடவில்லை. நான் பெரியவனாகி லொறிகளில் தொற்றிக்கொண்டு அந்த வழியால் போனபோது அதற்கு ஓலைக் கொட்டில் போட்டிருந்தார்கள். ட்ரைவர் நிறுத்தி இறங்கினான். இந்தப் பிள்ளையார் வலு சத்தியுள்ளவர், இந்த இடத்தில் ஒரு லொறி மதகுக்குள் விழுந்தும் ஒரு உயிருக்கும் சேதமில்லை என்று என்னிடம் சொன்னான். நானும் இறங்கி ஒரு குழை முறித்துப் போட்டேன்.

இதெல்லாம் பிறகு நடந்தவை. அன்று விறகு லொறி எங்களை இறக்கிவிட்டபோது வெயில் சாய்ந்திருந்தது. யாழ்ப்பாணத்து மண் எங்கள் மண்ணைப்போல் இல்லை, சிவப்பாக இருந்தது. எல்லாப் பக்கமும் பனையோலை வேலி. அம்மா இத்தனை வருசத்துக்குப் பிறகும் வழி கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ஒழுங்கைக்குள் இறங்கி ஓடினாள். ஈரம் காய்ந்த சேலையில் காட்டுச் சேறு அப்படியே இருந்தது.

ஒழுங்கை மணலில் பொரி சிந்திக் கிடந்தது. ஒரு இடத்தில் அல்ல, வழி நெடுகிலும் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத எனக்கு வாயூறியது. யாரோ ஓலைக் கடகத்தில் பொரி கொண்டுபோனவர் ஓட்டை இருந்ததைக் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். குனிந்து ஒரு பிடி அள்ளப் போனேன். அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். அடிக்கவில்லை. பிடித்தபடி நின்றாள்.

எதிரே ஆண்கள் கொஞ்சப் பேர் வந்துகொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் தலை ஈரம், வேட்டி ஈரம். எங்கேயோ குளித்துவிட்டு வருகிறார்கள். அவர்களில் ஒருவர் மொட்டையடித்திருந்தார். அம்மாவைக் கண்டதும் அவர் நின்றார். அவர் அம்மாவின் தம்பி, எனக்கு மாமா என்று பிறகு அறிந்துகொண்டேன்.

"நேத்திரவுதான் முடிஞ்சது. பின்னேரம் வரைக்கும் வைச்சிருந்தம் அக்கா" என்றார். "இனி வைச்சிருக்கேலாதெண்டு எல்லாரும் சொல்லிச்சினம்."

அவர்களுக்குப் பின்னால், வேலிக்கு மேலாகக் குருத்தோலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குத்தான் நான் அவ்வளவு நீளத்துக்குத் தோரணம் கண்டிருக்கிறேன். அதனால் எனக்குச் சந்தோசமாக இருந்தது. திருவிழா வீட்டுக்கு வந்திருக்கிறோம், இனிச் சாப்பாடு கிடைக்கும். தோரணத்தின் மடிப்பு மேல்நோக்கி இருந்தால் ஒன்று, கீழ்நோக்கி இருந்தால் வேறொன்று என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

அம்மா நடக்கத் தொடங்கினாள். விடியலிலிருந்து என்னை இழுத்துக்கொண்டு ஓடியவள் இப்போது ஒவ்வொரு அடியாக, மணலில் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தாள். எனக்குக் கால் நோகிறது என்பது கடைசியில் அவளுக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன். அந்த ஆறுதலில், அவள் கையைப் பிடித்து இன்னும் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தேன்.